அஸ்ரியாவின் பக்கத்து இடம்

முந்நூறு பேரை ஒரே பஸ்ஸில் ஏற்றி, அந்நிய ஆண் ஒருவனின் முழங்கைகூட ஒரு பெண்ணின் முந்தானையில் படாமல் புத்தளத்திலிருந்து கற்பிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கண்டக்டர் இலங்கையில் நான் ஒருவன்தான்.

"முந்நூறா? அது பஸ்ஸா கப்பலா, ஹமீது நானா?" என்பான், என்னை அண்ணன் முறைவைத்து அழைக்கும் மனுவேல். அந்த பஸ்ஸை ஓட்டியவனே அவன்தான். இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பாலாவிச் சந்தித் தேநீர்க் கடையில் நான் வாய் திறந்தாலே கையால் காற்றை விரட்டுவான். அன்று நடந்த மற்றதையும் அவன் ஒத்துக்கொண்டதில்லை.

அன்று பாலாவியில் உப்பு வேலைக்காரர்கள் ஏறியதும் பஸ்ஸுக்கு மூச்சு முட்டியது. மிதிபலகையில் தொங்கியவர்களின் கால் வீதியோரக் களப்புத் தண்ணீரில் நனைந்தது. பெண்களையெல்லாம் இருத்திவிட்டேன். மிஞ்சியது ஓரிடம், ஜன்னலோரம் இருந்த அஸ்ரியாவுக்குப் பக்கத்தில். அதில் அவளுடைய பை இருந்தது. அப்படியோர் இடம் காலியாகக் கிடந்தால் எங்கள் பக்கத்து ஆண்கள் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார்கள்.

அதற்கு நேரே கம்பியைப் பிடித்து நின்றான் றஸ்மி. இரத்தத்தில் சீனி கூடும் வருத்தத்தால் காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரியில் போட்ட புதுக் கட்டுத்துணியில் இரத்தம் ஊறத் தொடங்கியிருந்தது. எழுந்து இடம் கொடுத்தவர்களிடமெல்லாம், "வாணாம், நிப்பன்" என்றான்.

றஸ்மி, அஸ்ரியாவின் கூடப்பிறந்த தம்பி. உம்மா மௌத்தானபோது அவன் கட்டாரில் இருந்தான். தான் வரும்வரை ஜனாஸாவை அடக்காமல் வைத்திருக்கச் சொல்லித் தொலைபேசியில் அழுதான். அஸ்ரியா வைக்கவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது ஈரமண்தான் இருந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் கதை பேச்சில்லை.

பஸ் குலுங்கியது. அவன் முகம் வெளுத்தது. அஸ்ரியா ஜன்னலைப் பார்த்தபடியே பையை எடுத்து மடியில் வைத்தாள். ஆலங்குடாவுக்குப் போகும் வெளியூர் இளைஞன் ஒருவன் இடம் தனக்கென்று நினைத்துக் குனிந்தான். பை திரும்பி வந்துவிட்டது. அவன் காது சிவக்கப் பின்வாங்கியதும் பை மறுபடி மடிக்குப் போனது.

றஸ்மி அசையவில்லை.

"றஸ்மித் தம்பி," என்றேன், "இந்த முந்நூறு பேர்ல அந்தச் சீட்டில இரிக்கக்கூடிய ஆம்புள நீங்க ஒராள்தான். நீங்களே நிண்டா, அதைக் கழட்டிக் கடல்லதான் போடணும்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் அமர்ந்தான். நடுவில் இன்னொரு பஸ்ஸை நிறுத்தலாம், அவ்வளவு இடைவெளி.

பள்ளமொன்றில் சில்லு இறங்கியது. புண்பட்ட கால் முன் இருக்கையில் இடிக்க, அவன் பல்லைக் கடித்தான். அஸ்ரியா தன் கால்களை ஒடுக்கிக்கொண்டாள்.

"கால இந்தப் பக்கம் நீட்டு."

நீட்டினான்.

"கடைசியில உம்மாட முகம் உம்மாட முகமா இரிக்கல்ல," என்றாள், ஜன்னலிடம் சொல்வதுபோல. "நீ அதக் காணப்படாதெண்டுதான் வைக்கல்ல. பிழையெண்டா மன்னிச்சிரு."

"ராத்தா" என்றான் அவன். அக்காவை அந்தப் பெயரால் அழைத்து எத்தனை காலமோ! அவன் தோள் அவள் தோளில் சாய்ந்தது. அவள் விலகவில்லை.

எத்தாளை வந்தது. இருவரும் இறங்கவேண்டிய இடம். மணியடிக்க எனக்குக் கை எழவில்லை. பஸ்ஸும் நிற்காமலே போனது.

"அவங்க ரெண்டு பேரும் ஒரே சீட்டில? களப்பு வத்தினாலும் நடக்காது. எத்தாளையில நிப்பாட்ட நான் மறந்துபோனன், அவ்வளவுதான்." தேநீர்க் கடையில் கேட்பவர்களுக்கு முன்னால் மனுவேல் இப்படித்தான் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தான்.

நேற்று கற்பிட்டி பஸ்ஸொன்று கடைக்கு முன்னால் நின்றது. ஜன்னலோரம் அஸ்ரியா. பக்கத்தில், கட்டுப்போட்ட காலை அவள் பக்கம் நீட்டியபடி, றஸ்மி தூங்கிக்கொண்டிருந்தான்.

பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த மனுவேல் கோப்பையைக் கீழே வைத்தான்.

"முந்நூறு பொய், நானா," என்றான். "மற்றது நடந்ததுதான். கண்ணாடியில பாத்துக்கொண்டே வந்தனான். இல்லாட்டி எத்தாளையில நிப்பாட்டாம போவனா?"