கரையில் நிற்க வேண்டியவர்

வருஷா வருஷம் எங்கள் ஆபீஸ் உல்லாசப் பயணம் என்றால் கல்லணைக்குப் போய், மரத்தடியில் புளியோதரை தின்று, தூங்கிவிட்டு வருவது வழக்கம். இந்த வருஷம் மானேஜர் குத்புதீன் சாயபுவுக்குத் தண்ணீரில் போகும் ஆசை வந்துவிட்டது. ஆடி மாத லீவு நாளில் ஜீயபுரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து பெரிய பரிசலில் ஏறி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் வரை காவேரியில் மிதந்து வரவேண்டுமாம். அந்த இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எந்த ஏற்பாடானாலும் என் தலையில்தான் விடியும்.

"பராசரன், நீங்க எல்லாத்தையும் பாத்துக்குங்க" என்றார்.

என் மனைவி வைஜயந்திக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. கர்ப்பிணியின் புருஷன் க்ஷவரம் செய்துகொள்ளக் கூடாது, ஓடம் ஏறக் கூடாது என்பது எங்கள் குடும்பங்களில் வழக்கம். போன தடவை அவள் உண்டாகியிருந்தபோது, துறையூர்ப் பக்கம் ஆபீஸ் காரியமாகப் போகக் கொள்ளிடத்தை ஓடத்தில் தாண்டினேன். மறுவாரம் அந்தக் கர்ப்பம் கலைந்து போயிற்று. ஓடத்தால்தான் போயிற்று என்று டாக்டர் சொல்லவில்லை, வைஜயந்தியும் சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், தினமும்.

சாயபு என் தாடியைப் பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் அந்தத் தாடியின் அர்த்தம் தெரியும்.

"அட, மறந்துட்டேனே! நீங்க ஏற வேணாம். சாப்பாட்டை எடுத்துக்கிட்டு அம்மா மண்டபத்துல காத்திருங்க. புள்ளை நல்லபடியாப் பொறக்கட்டும்."

நல்ல மனுஷர். அவர் இருந்த திசைக்கே ஒரு கும்பிடு போட்டேன்.

வீட்டில் வைஜயந்தி அதோடு விடவில்லை. "கால்கூட வைக்கப்படாது. சத்தியம் பண்ணுங்கோ" என்றாள்.

"உன் தம்பி கோபு மட்டும் ஏறறானே?" அவனும் எங்கள் ஆபீஸில்தான் குமாஸ்தா.

"அவனுக்கென்ன, கல்யாணமே ஆகலை."

சத்தியம் செய்தேன்.

அன்று காலையில் எல்லோரையும் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, சாப்பாட்டு அண்டாக்களோடு அம்மா மண்டபப் படித்துறையில் வந்து உட்கார்ந்தேன். காவேரி செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டுப் போனாள். உச்சி வேளை ஆயிற்று. ஆடிக் காற்று எழும்பி என் மேல்வேஷ்டியைப் பிடுங்கியது. மேற்கே பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம், பரிசலைக் காணோம்.

பிறகு ஒரு குடை வந்தது. விரித்த கறுப்புக் குடை, தலைகீழாகச் சுழன்று சுழன்று மிதந்தது. அதன் வெள்ளிப் பூண் பளபளத்தது. அது சாயபுவின் குடை.

எப்படி ஜட்காவில் ஏறினேன், வண்டிக்காரனிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கரையோரமாகவே மேற்கே விரட்டி, மேலூர் தாண்டியதும் அவர்களைப் பார்த்தேன். நடு ஆற்றில் நாணல் முளைத்த ஒரு மணல்திட்டில் ஆபீஸ் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பரிசல் எதிலோ மோதிக் கிழிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் அவர்கள் முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஓரத்தில் நின்றவன் கோபு. அவனுக்கு நீச்சல் தெரியாது.

கரையில் மருதை என்ற பரிசல்காரர் தன் பரிசலைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள்.

"இந்தக் காத்துல ஒத்தை ஆளாப் போவ முடியாதுங்க. இன்னொரு துடுப்புக்கு யாராச்சும் வாங்க" என்று கத்தினார்.

கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. எவனாவது வருவான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவனும் என் கண்ணைப் பார்க்கவில்லை. மருதை என்னைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

"நான் வரேன்" என்றேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஒரு காலைப் பரிசலில் வைத்தேன். ஒரு கால் மட்டும் வைத்தால் ஏறியதாகக் கணக்கா என்று புத்தி அந்த நேரத்திலும் வக்கீல் வேலை பார்த்தது. பிறகு அடுத்த காலையும் வைத்தேன். ரங்கா, ரங்கா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. பரிசல் கிறுகிறுவென்று சுற்றும்போதெல்லாம் வைஜயந்தியின் வயிறுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அழுதுகொண்டே துடுப்புப் போட்டேன்.

திட்டை நெருங்கியதும் கோபு என்னைப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "ஐயோ அத்திம்பேரே, நீங்க ஏன் ஏறினேள்!" என்று அலறினான்.

இரண்டு நடையில் எல்லோரையும் கரை சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சாயபு என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைகையில் விளக்கு ஏற்றியிருந்தது. வைஜயந்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஏன்னா, எனக்குப் பயமா இருக்கு. மத்தியானத்துலேர்ந்து குழந்தை அசையவே இல்லை."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், உண்மைதான் வந்தது. குடை, திட்டு, கோபு, துடுப்பு, எல்லாம் சொன்னேன். "நான்தான் ஏறினேன். நான்தான் பண்ணிட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"பின்னே? அவனை ஆத்துல விட்டுட்டு, தாடியைத் தடவிண்டு கரையில நின்னிருப்பேளா? நாளைக்கு இந்தக் குழந்தைக்கு மாமான்னு நான் யாரைக் காட்டுவேன்? அந்தக் குடையையா? ஏறினேன்னு அழறாராம் பெரிய..."

பாதியில் நிறுத்தினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தாள்.

ஏதோ அசைந்தது. அது குழந்தையா, என் கை நடுக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. கையைக் கெட்டியாக அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி உதைத்தது, பலமாக.