பப்ஸ் ஆறுவதற்குள்

தன்னை ஒழித்துக்கட்டப் போகிற கூட்டத்துக்குத் தன் கையாலேயே டிபன் செய்து கொடுக்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. புனேயின் சாங்வியில், சுகசாந்தி சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி செல்வமேரிக்குக் கிடைத்தது.

வருடாந்திரப் பொதுக்கூட்டம், ஞாயிறு காலை பத்து மணி, கீழே பார்க்கிங்கில். நோட்டீஸை லிஃப்டுக்குள் ஒட்டியிருந்தார்கள். அதில் ஐந்தாவது விஷயம், குடியிருக்கும் வீட்டில் வியாபாரத்துக்கு ஓவன் வைப்பதைத் தடை செய்வது பற்றி. அந்தக் கட்டடத்தில் ஓவன் வைத்துப் பிழைக்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் பெயரைப் போடாமல் நாகரிகம் காத்திருந்தார்கள். ஒட்டிய அன்று சாயங்காலமே செக்ரெட்டரி முகுந்த் வந்து கதவைத் தட்டி, "கூட்டத்துக்கு வழக்கம்போல மினி பப்ஸ் பண்ணிக் குடுத்துடும்மா" என்றார்.

முகுந்த் பாங்கில் மேனேஜராக இருந்து ரிடையரானவர், பூர்வீகம் கும்பகோணம், செல்வமேரிக்கு அடுத்த வீடு. அவருக்கு வாய் இரண்டு. தமிழ் வாய் நலம் விசாரிக்கும், பப்ஸ் சாப்பிடும், "நம்ம மனுஷா" என்று சொல்லும். மராத்தி வாய் புகார் எழுதும். ஓவன் சூடு சுவர் வழியே வந்து தன் பூஜை அலமாரியை வேகவைக்கிறது, வெண்ணெய் வாசனையை மோந்தே தனக்குக் கொழுப்பு ஏறுகிறது என்று கமிட்டிக்கு எழுதியது இரண்டாவது வாய்தான்.

"முட்டை தடவிடாதே, என்ன?" என்றது முதல் வாய்.

"இல்ல சார். பால்தான் தடவுவேன்."

அந்த ஓவன் வந்த கதை இவ்வளவுதான். செல்வமேரியின் புருஷன் சேவியர் பிம்ப்ரியில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலைக்கு இருந்தான். ஒருநாள் மெஷின் கொஞ்சம் அவசரப்பட்டதில் அவனுடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று. விரலுக்குப் பதிலாக வந்த நஷ்ட ஈட்டில் வாங்கியதுதான் ஆள் உயரத்துக்கு நிற்கிற அந்த இரட்டைத் தட்டு ஓவன். "அஞ்சு விரலும் போயிருந்தா பேக்கரியே வச்சிருக்கலாம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். வருகிறவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது. அவனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். அந்தக் கைக்கு அதற்கப்புறம் யாரும் வேலை தரவில்லை. வீட்டு லோன், மகளின் நர்சிங் படிப்பு, சோறு எல்லாமே ஓவனிலிருந்துதான் பொன்னிறமாக வெந்து வெளியே வந்துகொண்டிருந்தன. ஓவன் போனால் வீடும் அதன் பின்னாலேயே போய்விடும். இது அவர்கள் இருவருக்கும் தெரியும், பாங்குக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க செல்வமேரி மாடி மாடியாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். அநேகமாக எல்லோரும் அவள் பக்கம்தான். ஒருத்தர் வீட்டுப் பிறந்தநாள், ஒருத்தர் வீட்டு நிச்சயம், கணபதி ஆரத்திக்கு வந்தவர்களுக்கு என்று அவள் பப்ஸைத் தின்னாத வீடு அங்கே இல்லை. "உன் ஓவன்மேல எவன் கை வைக்கறான்னு நானும் பார்க்கறேன்" என்று இரண்டாம் மாடி விசாலாக்ஷி மாமி சத்தியமே செய்தாள். தரைத்தள நஸ்ரின், செல்வமேரியின் சிநேகிதி, பெருமூச்சு விட்டாள்.

"நான் ரெண்டு கையையும் தூக்குவேங்க்கா. ஆனா வாடகைக்கு இருக்கறவ கைய எவன் எண்ணுறான்?"

சனிக்கிழமை மத்தியானம் மாவு பிசைந்தாகிவிட்டது. தகடாகத் தேய்த்து, வெண்ணெய் பூசி, மூன்றாக மடித்து, ஃபிரிட்ஜில் உறங்கப்போட்டு, எடுத்துத் தேய்த்து, திரும்ப மடித்து. செப்டம்பர் மாதத்து ஈரக்காற்றில் வெண்ணெய்க்குப் பொறுமை கிடையாது. சற்று அசந்தால் மாவோடு கரைந்துவிடும். அப்புறம் அது பப்ஸ் இல்லை, தடித்த சப்பாத்தி. சேவியர் உருட்டுக்கட்டையை வலது உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினான். அவள் உருளைக்கிழங்கும் பட்டாணியும் மிளகும் சோம்பும் போட்டுக் கிளறிய மசாலாவை ஆறவைத்து, ஒரே வாயில் போகிற மாதிரி சின்னச் சின்ன சதுரங்களில் வைத்து மடித்தாள்.

"மேரி, ஒண்ணு சொல்லுதேன் கேளு. தட்டைக் கடைசியில திற" என்றான் சேவியர்.

"எதுக்கு?"

"இந்த ஊரு சொசைட்டியில எல்லாம் கூட்டம் முடிஞ்சாத்தான் சாயாவும் பப்ஸும். முன்னாடியே குடுத்தா எந்திரிச்சிப் போயிருவானுவ. இவனுவ கூட்டத்துக்கு வாரதே அதுக்குத்தான்."

"ஏங்க, ஓவன்ல இருந்து எடுத்தா அரைமணி நேரம். அதுக்கு மேல இந்தக் காத்துல நமத்து ரப்பராயிரும். ரப்பரைத் தின்னுட்டு எனக்குக் கை தூக்குவானா?"

"ரப்பரா இருந்தாலும் இருந்து தின்பான்."

"வந்தவங்க வாயி காஞ்சு உக்காந்திருக்க, நான் தட்டை மூடிக்கிட்டுக் காவலா நிக்கணுமா? நல்லாருக்கு நீங்க சொல்லுதது! எங்க வீட்டுல அப்பிடி வளக்கல."

"உங்க வீட்டுல ஓட்டெடுப்பு நடத்துனாவளா?"

அவள் மடித்த சதுரங்களின் ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். சூடாகத் தின்ற வாய் நன்றியோடு இருக்கும் என்பது அவள் கணக்கு. பலகாரத்தைப் பொறுத்தவரை அது சரியான கணக்குத்தான்.

ஞாயிறு பத்து மணிக்குப் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் முகுந்தும் கமிட்டிக்காரர்களும்தான் இருந்தார்கள். போதுமான ஆள் வராவிட்டால் அரைமணி நேரம் ஒத்திப்போட்டு, அப்புறம் இருக்கிறவர்களை வைத்தே முடித்துக்கொள்ளலாம் என்று சொசைட்டிச் சட்டம். முகுந்த் கடிகாரத்தைப் பார்த்துச் சந்தோஷமாகக் காத்திருந்தார். அரைமணியும் முடிகிற நேரத்தில் முதல் தட்டு வெந்த வாசனை படிக்கட்டு வழியே இறங்கியது. அதன் பின்னாலேயே குடும்பங்கள் இறங்கின. நோட்டீஸால் முடியாததை வெண்ணெய் செய்தது. நாற்காலி பற்றாமல் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்தார்கள்.

தட்டோடு இறங்கிவந்த செல்வமேரி கூட்டத்தை எண்ணிப் பார்த்தாள். அத்தனையும் தன் ஆட்கள். நெஞ்சு நிறைந்துபோய், பக்கத்தில் சேவியர் முழங்கையால் இடிப்பதையும் மீறி மூடியைத் திறந்தாள்.

அதற்கப்புறம் பார்க்கிங் முழுக்க மொறுமொறுவென்று சத்தம் மட்டும். தகடு தகடாக உதிர்ந்து சட்டையிலும் தாடியிலும் ஒட்டியது. இரண்டாவது தட்டையும் அவள் இறக்கிக்கொண்டுவந்தாள். "காய் மஸ்த் ஆஹே!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் மராத்தியில் மெச்சியது. "அடியே, வாயில வெக்கறதுக்குள்ள கரையறதேடி" என்ற விசாலாக்ஷி மாமி, மாமாவுக்கென்று டிஷ்யூ பேப்பரில் நாலைந்து சுற்றிக்கொண்டாள். முகுந்தும் கண்ணை மூடிச் சாப்பிட்டார். கொழுப்பு அன்றைக்கு லீவு.

பிறகு கூட்டம் தொடங்கியது. முதலில் வரவு செலவு. எல்லோரும் "மஞ்சூர்" என்று கத்தி அங்கீகரித்தார்கள். அடுத்து தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மஞ்சூர். மூன்றாவதாக பார்க்கிங் வந்தது. புனேயில் பார்க்கிங் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் யாரும் சீக்கிரம் முடித்ததாக வரலாறு இல்லை. இரண்டு வண்டிக்காரர்கள் எழுந்து நின்று கத்த ஆரம்பித்தார்கள். வயிறு நிறைந்தவர்களுக்கு வீடு நினைவு வந்தது. ஒருவர் கேஸ் சிலிண்டர் வரும் என்று போனார். ஒருத்தி பையனுக்கு டியூஷன் என்று போனாள். போகிற ஒவ்வொருவரும் செல்வமேரியிடம் வந்து, தட்டிலிருந்து கடைசியாக ஒன்றை எடுத்து, "அருமை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அவளும் ஒவ்வொருவரிடமும் "சந்தோஷம், சந்தோஷம்" என்றாள். மூன்றாவது ஆள் போனபோதுதான் அவள் மிச்சமிருந்த தலைகளை எண்ண ஆரம்பித்தாள்.

"மாமி, நீங்களுமா?"

"சியாட்டில்லேர்ந்து பேத்தி வீடியோல வர நேரம்டி. அஞ்சே நிமிஷம், இதோ வந்துடறேன்."

நான்காவது விஷயம் தெருநாய்கள். அது முடிவதற்குள் ஸ்கூட்டர்கள் வெறும் ஸ்கூட்டர்களாகிவிட்டன.

ஐந்தாவதை முகுந்த் மராத்தியில் படித்தார். தீ அபாயம், மின்சார பாரம், குடியிருப்பின் அமைதி. ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம். கமிட்டி மொத்தமும் தூக்கியது. எதிர்க்கிறவர்கள்? சேவியர் தூக்கினான். செல்வமேரியும் தூக்கினாள். நஸ்ரின், சொன்ன சொல் தவறாமல், இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதாம்மா. வீடு யார் பேர்ல இருக்கோ அவா மட்டும்" என்றார் முகுந்த், இதை மட்டும் தமிழில். செல்வமேரி கையை இறக்கினாள். நஸ்ரினுடைய கைகளை அவர் பார்க்கவேயில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் எந்தப் பக்கமும் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். தட்டில் இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"மஞ்சூர்."

ஒண்ணாம் தேதி முதல் தடை அமலுக்கு வரும் என்று எழுதிக்கொண்டார்கள். விசாலாக்ஷி மாமி அப்போதுதான் மூச்சு வாங்க வந்தாள். "அச்சச்சோ, ஆயிடுத்தா? அந்தப் பேத்திக் கடன்காரி பேச்சை நிறுத்தினாத்தானேடி!"

செல்வமேரி குனிந்து, நாற்காலிகளுக்கடியில் உதிர்ந்து கிடந்ததைப் பெருக்க ஆரம்பித்தாள். முகுந்த் பக்கத்தில் வந்து நின்றார்.

"மனசுல வெச்சுக்காதே. இதெல்லாம் ரூல்ஸ். ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாளிருக்கே. வர்ற ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஆண்டு நிறைவு. இதே பப்ஸ் பண்ணிடேன்."

அவள் நிமிர்ந்தாள். எதையோ எறியப்போவது மாதிரி துடைப்பத்தைப் பிடித்திருந்தாள். ஆனால் வந்தது ஒரு வார்த்தைதான்.

"முடியாது சார்."

"அப்படியா? சரி, அவுந்த் பக்கம் ஒரு பேக்கரில சொல்லிக்கறேன்" என்றார் முகுந்த், ஒரு வருத்தமும் இல்லாமல். வாழ்நாளில் அவரிடம் அவள் சொன்ன ஒரே மறுப்பு அவரை அந்தக் கடைவரை கூடுதலாகப் பத்தடி நடக்கவைத்ததோடு சரி.

"ஒரு ஆர்டர் போச்சு" என்றான் சேவியர், மாடிப்படியில்.

"போவட்டும்."

"தட்டைக் கடைசியில திறன்னு…" என்று தொடங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்தியது அவளுக்கு இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை ஓவனைத் துடைத்துப் பளபளப்பாக்கி, விற்பனைக்கென்று படமெடுத்தார்கள். வெறுமையாக இருந்தால் பார்க்க நன்றாயிராது என்று அவள்தான் உள்ளே ஒரு தட்டு பப்ஸை வேகவைத்தாள். படத்தை இணையத்தில் போட்ட அன்றே மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரும் உள்ளே இருந்த பப்ஸ் என்ன விலை என்றுதான் கேட்டார்கள். நாலாவது ஆள் ஓவனைக் கேட்டான். வாகோலியில் புதுக்கடை போடுகிறானாம். லிஃப்டில் நுழையுமா என்றான்.

"நுழையாது. படியிலதான் இறக்கணும்" என்று போனில் சொல்லிவிட்டு, சேவியர் அவளைப் பார்த்தான். "என்னைக்கு வரச் சொல்ல?"

செல்வமேரி அடுத்த நாள் ஆர்டருக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

"முப்பதாம் தேதி வரச் சொல்லுங்க" என்றாள். "ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. முகுந்த் சார் வீட்டுக் கதவுல இடிச்சிராம எடுக்கணும்."