பிக்கப்புக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு

அக்கா கிட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது, அத்தானுக்குச் சொல்லாமல்தான் வந்திருக்கிறாள் என்று. சொல்லிவிட்டு வந்திருந்தால் வாசலில் நின்று இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

"உங்க அத்தானை பேண்டுலேருந்து எடுத்துடப் போறாங்கடி," என்றாள். உட்காரக்கூட இல்லை. "பேண்டை நடத்தற கீபோர்டுக்காரர் போன் பண்ணினார். கொஞ்ச நாளா இவர் வாசிக்கிறது யாருக்குமே கேக்கலையாம். சனிக்கிழமை ஒத்திகை இருக்கு. அன்னைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

"ஆம்ப்ளிஃபயரைக் கூட்டி வெக்க வேண்டியதுதானே?"

"கூட்டினா வெறும் இரைச்சல்தான் வருதாம். இவர்கிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். வாசிப்பு இல்லாம வீட்டுல உக்காந்தா மனுஷன் உருக்குலைஞ்சு போயிடுவார். எனக்கு என்ன தெரியும், நீதான் பாத்து ஏதாவது பண்ணணும்."

நான் மேசை நாற்காலி செய்பவள். கூடவே கிட்டார்களுக்கும் வைத்தியம் பார்ப்பேன். என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் வருவதில்லை. மீதிப் பேர் வேலை சுத்தமாக இருக்கிறதே என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அத்தான் மட்டும் என் வாயைக் கேட்டுச் சிரிப்பார். எனக்கு 'மேஸ்திரி' என்று பெயர் வைத்ததும் அவர்தான். கேலிதான், ஆனால் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அவருக்கு ஒன்று என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது.

அக்கா போன பிறகு கம்பிகளைத் தளர்த்தி பிக்கப்பைக் கழற்றினேன். கம்பிகளுக்கு அடியில் உட்கார்ந்து, அவற்றின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தப் பெட்டி அது. பல கிட்டார்களில் அதை ஸ்க்ரூவைத் திருகியே ஏற்றி இறக்கலாம். இந்தக் கிட்டாரில் அந்த வசதி கிடையாது. மரத்தில் குடைந்த குழிக்குள், தரையோடு தரையாக ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தார்கள். குழி எவ்வளவு ஆழமோ, பிக்கப் அவ்வளவு இறக்கம். கம்பியை விட்டு விலக விலகச் சத்தம் குறையும்.

குழிக்குள் விளக்கை அடித்துப் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுவரெல்லாம் மெஷினில் அறுத்தது, வழவழவென்று இருந்தது. அடித்தரையை மட்டும் யாரோ மழுங்கின உளியை வைத்துக் கொத்தியிருந்தார்கள். எலி கொறித்த சோப்புக்கட்டி மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. பிக்கப் அந்தப் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்திருக்கிறது. இந்த லட்சணத்தில் இருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்? ஏதோ ஒரு அரைகுறை ரிப்பேர்காரனிடம் அத்தான் ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டேதான் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் தரையைச் சமப்படுத்தினேன். பிறகு குழியின் அளவைக் காகிதத்தில் எடுத்து, கெட்டியான மேப்பிள் பலகையில் ஒரு துண்டு அறுத்து, இழைத்து, உள்ளே வைத்து, அதன்மேல் பிக்கப்பை இறுக்கினேன். கம்பியை முறுக்கி மீட்டினால் சத்தம் வந்தது, ஆனால் தடித்த கம்பி அழுதது. பிக்கப் ரொம்ப நெருங்கிவிட்டால் அதன் காந்தம் கம்பியைத் தன் பக்கம் இழுக்கும், சுருதி நிற்காது. திரும்பக் கழற்றினேன். கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, பலகையின் ஒரு ஓரத்தை மட்டும் தேய்த்தேன். வைத்துப் பார்ப்பது, எடுத்துத் தேய்ப்பது, மறுபடி வைத்துப் பார்ப்பது என்றே பொழுது போனது. கடைசியில் தடித்த கம்பிக்கு அடியில் இரண்டு காசு நுழையும் இடைவெளி, மெல்லிய கம்பிக்கு அடியில் ஒரு காசு என்று வந்து நின்றது. விரல் நுனியால் தொட்டேன். தொட்டதற்கே பேசியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே என்மேல் பொறாமையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவையும் கூட்டிக்கொண்டு நானே கொண்டுபோனேன். கிட்டார் என்னிடம் இருப்பதை அவள் அதற்குள் அத்தானிடம் சொல்லியிருந்தாள். சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஒத்திகை அறை. கீழே மெஷின்கள் சுற்றுகிற அதிர்வு படிக்கட்டு வரைக்கும் வரும். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அத்தான் மட்டும் நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

"சரி பண்ணிட்டேன் அத்தான்," என்று பெட்டியை நீட்டினேன். "எவனோ ஒரு மடையன் குழியைக் கொத்தி நாசம் பண்ணி வெச்சிருக்கான். அவன் கையை ஒடிக்கணும்."

அத்தான் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

"நீ ஒடிக்க வேண்டாம் மேஸ்திரி," என்றார், அக்காவுக்குக் கேட்காத குரலில். "அது ஏற்கெனவே பாதி ஒடிஞ்ச கைதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. கம்பியை மீட்டுகிற பிளாஸ்டிக் சில்லை, அதுதான் பிக், அதைப் பிடிக்கிற வலது கையை அவர் மூடித் திறந்தார்.

"பிக்கைப் பிடிச்சா நடுங்குது. மத்த நேரத்துல ஒண்ணும் தெரியாது. ஒரு தடவை மீட்டினா கம்பி ரெண்டு தடவை அடிபடுது. குமிழைத் திருப்பிச் சத்தத்தைக் குறைச்சா கீபோர்டுக்காரன் வந்து சத்தத்தை ஏத்திட்டுப் போயிடறான். பிக்கப்புக்கு அடியில எவன் பாக்கப் போறான்? அதான் நானே உக்காந்து கொத்தினேன். கூட்டத்தோட கூட்டமா ஒப்பேத்திடலாம்னு பாத்தேன்."

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு தொழில்காரிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? குழித் தரையைக் கொத்தியவனைத் திட்டினேனே தவிர, எதற்குக் கொத்தினான் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கோணல் எதைப் பார்த்தாலும் நிமிர்த்தியே தீரவேண்டும் எனக்கு.

"எடுத்துடட்டுமா அத்தான்? ஸ்க்ரூவைக் கழட்டினா போதும், பலகை வெளியில வந்துடும். அவங்க வர்றதுக்குள்ள முடிச்சுடுவேன்."

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். டீ குடிக்கப் போனவர்கள் பேசிக்கொண்டே ஏறுவது கேட்டது.

"கேக்கலைன்னாலும் அனுப்பத்தான் போறான்," என்றார். "கேட்டுட்டே அனுப்பட்டும். விடு."

வாசித்தார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒவ்வொரு சுரமும் தெளிவாக, தனியாக, அறை முழுவதும் கேட்டது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அந்த நடுக்கமும் கேட்டது. வேகமான இடங்களில் கம்பி திக்கியது. என் வேலை எதையும் மறைக்கவில்லை. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். கீபோர்டுக்காரர் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அத்தானைப் படிக்கட்டு ஓரம் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அத்தான் சரி சரி என்று தலையாட்டினார். பிறகு உள்ளே வந்து ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார். மற்றவர்கள் அடுத்த பாட்டை ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட். அக்கா நடுவில். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. ஒத்திகை சீக்கிரம் முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க சத்தம் எதுன்னு எனக்குத் தனியா தெரிஞ்சுது," என்றாள். "அதுலயும் ஒரு நடுக்கம் குடுத்தீங்களே, அழுகையை அடக்கிட்டுப் பாடற மாதிரி. அதெல்லாம் எப்படிங்க பண்றீங்க?"

அத்தான் கிட்டார் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அதை நான் பண்ணலம்மா. அது தானா வருது. இனிமே என்னை வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க," என்றார்.

அக்கா விளங்காமல் அவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பிக்கை எடுத்து, இரண்டு விரலால் பிடித்து அவள் முன்னால் நீட்டினார். பஸ் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்திருந்தார். அந்தத் துளிப் பிளாஸ்டிக் படபடவென்று ஆடியது.

அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். பிறகு அவர் விரல்களை மூடி, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டி அதை அவ்வளவு நல்லா சரி பண்ணினே?" என்றாள்.

எனக்குப் பதில் இல்லாமல் இல்லை. நீதானே கொண்டுவந்தாய் என்று கேட்டிருக்கலாம். வேறு யாராவது கேட்டிருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பேன். இறங்கவேண்டிய நிறுத்தம் வரைக்கும் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.