ஆட்டிப் பார்த்த பெட்டிகள்

அம்மாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் கூரியர் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. ஆர்த்தி முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய செல்வகுமார் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"யாருங்க்கா?"

"அம்மா. காலைல அஞ்சு மணிக்கு."

"ஏழு பொட்டின்னு போட்டிருந்தீங்க. பரவால்ல, நான் ரெண்டு நாள் கழிச்சி வர்றேன்."

"இரு. எடுத்துக்கினு போ. அம்மா கட்டி வச்சது."

கூடத்திலிருந்து லட்சுமியம்மாள் சின்னம்மா குரல் கொடுத்தாள். "எழவு வூட்ல இன்னாடி யாவாரம்? ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

வியாபாரத்துக்காக ஆர்த்தி அவனை நிறுத்தவில்லை. அவன் கை பெட்டிகளை எப்படித் தூக்குகிறது, எப்படி வைக்கிறது என்று ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று அவளுக்குப் பல நாளாக இருந்தது.

புதுச்சேரிப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த பீங்கான் கோப்பைகளை வாங்கி வந்து, திண்டிவனத்தில் இந்த வீட்டிலிருந்தே அவள் இணையத்தில் விற்றாள். கடைகளில் விற்கும் குமிழித் தாளைச் சுற்றி அனுப்பினால் கட்டுப்படியாகவில்லை. எண்ணெய் ஆலையில் மூட்டையாகக் கிடைக்கும் மல்லாட்டைத் தோலை, வேர்க்கடலையின் வெறும் ஓட்டை, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, கோப்பைகளுக்கு நடுவே செருகலாம் என்று சொன்னவள் அம்மா வெள்ளையம்மாள்தான். எடையும் ஏறவில்லை. பெட்டியை ஒட்டி முடித்ததும் அம்மா அதைக் காதருகே தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுவாள். இரண்டு வருடம் ஒரு கோப்பைகூட உடையவில்லை.

ஆடி மாதத்தில் உடைய ஆரம்பித்தது. காது போன கோப்பை, இரண்டாகப் பிளந்த கோப்பை என்று வாங்கியவர்கள் படம் எடுத்து அனுப்பினார்கள். அம்மா கட்டினால் உடையாது. அதில் ஆர்த்திக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் யாரோ உடைக்கிறார்கள்.

ஒருநாள் புதுச்சேரியிலிருந்து சீக்கிரம் திரும்பியவள், அண்ணி இளவரசி தனியாக உட்கார்ந்து, அம்மா ஒட்டிவைத்த பெட்டியை பிளேடால் அறுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"இன்னா பண்றீங்க அண்ணி?"

"சும்மாதான்," என்றாள் இளவரசி. பிளேடைப் புடவை மடிப்புக்குள் மறைத்தாள்.

அந்த 'சும்மா'வை ஆர்த்தி ஆறு நாள் மனதில் வைத்துப் புரட்டினாள். ஏழாம் நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லார் முன்னாலும் கேட்டாள். என் கடை நாசமாப் போனா உங்களுக்கு இன்னா கெடைக்கும் என்று கேட்டாள். அண்ணன் மணிமாறன் தட்டை விட்டு எழுந்தான். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. இளவரசி அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். இன்றோடு ஐம்பது நாள் ஆகிறது. அண்ணன் அதிலிருந்து ஆர்த்தியோடு பேசுவதில்லை.

பெட்டி கட்டும் அறைக்கு ஆர்த்தி பூட்டுப் போட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்தாள். ஆனால் அண்ணி போன பிறகுதான் அதிகமாக உடைந்தது. அப்படியானால் இன்னொரு கையும் இருக்கிறது. தினமும் கூரியர் வண்டியில் வந்து அம்மாவோடு சிரித்துப் பேசிவிட்டுப் போகும் கை.

இப்போது செல்வகுமாரைக் கூட்டிக்கொண்டு போய், காலையில் அம்மாவின் முந்தானையிலிருந்து தானே அவிழ்த்த சாவியால் அறையைத் திறந்தாள். முதல் பெட்டியைத் தூக்கினாள். உள்ளே ஏதோ கடக்கென்று உருண்டது.

அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதுவும் உருண்டது. ஏழும் உருண்டன.

யார் உள்ளே வந்தது என்றுதான் முதலில் நினைத்தாள். சாவி அம்மாவின் முந்தானையில் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டே கூடத்திலிருந்து அவள் பார்த்திருந்தாள். அம்மா இந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டி, தலையை அசைத்து, திருப்தியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பிளேடை எடுத்து ஒன்றைப் பிரித்தாள். அடியில் மட்டும் தோல் பைகள் நெருக்கமாக இருந்தன. மேலே வெறும் இடம்.

"இத ஆட்டிப் பாரு," என்று இன்னொரு பெட்டியைச் செல்வகுமாரிடம் நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. "தெரியுங்க்கா."

"இன்னா தெரியும்?"

"அம்மா எங்கிட்ட ஆட்டிக் காட்டுவாங்க. சத்தமே இல்ல பாத்தியா செல்வம் அப்டிம்பாங்க. எனக்கு நல்லாவே கேக்கும். நான் இன்னான்னு சொல்றது? முன்னெல்லாம் அந்த அக்கா, உங்க அண்ணி, ஒரு நிமிசம் இருன்னு உள்ள எடுத்துக்கினு போயி, பிரிச்சி வேற மாதிரி கட்டிக்கினு வருவாங்க. அவங்க கைக்கு மாட்டாதது ஒண்ணு ரெண்டு அப்டியே போயிடும்."

"எத்தினி நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க என்னியப் பாக்கற பார்வைக்கு எப்டிக்கா சொல்றது? ஒடச்சவனே சாக்கு சொல்றான்னு நெனச்சிருப்பீங்க."

அவன் வெறுங்கையோடு போனான். ஆர்த்தி மல்லாட்டைத் தோல் மூட்டைமேல் உட்கார்ந்தாள். சமீப மாதங்களில் போன் வந்தால் "நீயே பேசு" என்று அம்மா கையை ஆட்டியது, மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்பியது, டிவி முன்னால் உட்கார்ந்து வாயசைவை உற்றுப் பார்த்தது எல்லாம் வரிசையாக வந்தன. வயசானால் வரும் பிடிவாதம் என்று அவள் எரிச்சல்பட்டிருந்தாள். வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டவள், அம்மாவின் காதை மட்டும் சந்தேகப்படவில்லை.

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அம்மாவின் பிறந்த வீட்டுக் கோடிப்புடவை வந்து சேரும்போது உச்சிவெயில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் இளவரசி தெருமுனையில் நடந்து வந்தாள். பந்தலில் மணிமாறன் எழுந்து நின்றான். அவள் நேராக உள்ளே போய் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சத்தம் போட்டு அழவில்லை.

"குளிப்பாட்டணும், ஜல்தி ஆவட்டும்," என்றாள் சின்னம்மா. "பொண்ணும் மருமவளும் மொதல்ல எண்ண, சீயக்கா வைங்க."

பின்கட்டில் நான்கு பக்கமும் புடவை பிடித்து மறைத்திருந்தார்கள். ஆர்த்தி அம்மாவின் தலையைத் தாங்கிக்கொண்டாள். இளவரசி எதிரே குந்தினாள். மேளக்காரர்கள் வாசலில் அடிக்க ஆரம்பித்ததால், பேசினால் வெளியே கேட்காது.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம் இல்ல, அண்ணி."

"அத்தை எந்தலையில கைய வச்சி சத்தியம் வாங்கிக்கினாங்க. காது கேக்கலன்னு தெரிஞ்சா நீ அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டு, ஒரு மூலையில ஒக்கார வச்சிருவேன்னு பயம் அவங்களுக்கு."

ஆர்த்தி குனிந்து எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினாள்.

"அன்னிக்கு சாப்புடறப்ப நான் உங்கள கேட்டனே. அது அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

இளவரசி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று ஆர்த்தி தேடினாள். இத்தனைக்குப் பிறகும் தேடத்தான் தோன்றியது. அம்மா காதில் விழாமல் கீரை உருவினாளா, விழுந்தும் உருவினாளா. இரண்டில் எது என்பது இப்போது இந்த ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்க முடியும்.

இளவரசி உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அம்மாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களின் நுனியிலும் டேப் பசை அழுக்கோடு சேர்ந்து கறுத்துக் காய்ந்திருந்தது. அவள் எண்ணெய் விட்டு ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். பசை மெல்லத் திரண்டு, சின்னச் சின்னத் திரியாக உதிர்ந்தது.

ஆர்த்தி அம்மாவின் தலையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு இடது கையை எடுத்தாள். இளவரசி கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தாள்.