குனியாத மாப்பிள்ளை

பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்களைத் தாண்டிப் போகிறவன் வலது கையைத் தாழ்த்தி, முதுகைச் சற்று வளைத்துப் போக வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குழந்தைக்கு நாலு வயசு. அதுகூட இதைச் செய்யும். என் தம்பி மகள் நித்தியாவைப் பெண் பார்க்க வந்த சரண் செய்யவில்லை. கை கழுவப் போனவன் என் முன்னால் நேராக நிமிர்ந்து நடந்து போனான். அப்படியே திரும்பியும் வந்தான்.

தம்பி இறந்த பிறகு அந்த வீட்டுக்கு நான்தான் பொறுப்பு. இந்த இடத்தை முடிப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். பையனுக்குப் புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலை, பெண்ணோடு ஏற்கனவே பேசிப் பழகியவன் என்று தம்பி மனைவி புஷ்பா சொல்லியிருந்தாள். அதெல்லாம் சரி. ஒரு மனிதனின் வளர்ப்பு சம்பளத்தில் தெரியாது. எழுவதிலும் உட்காருவதிலும் தெரியும்.

அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோபாவில் சாயாமல் நுனியில் உட்கார்ந்தான். நல்ல பழக்கம்தான், நானும் சாய்வதில்லை. ஆனால் அவன் அம்மா லீலாவதி கூப்பிட்டபோது தலையை மட்டும் திருப்பாமல் உடம்பையே திருப்பினான். முறுக்குத் தட்டை நகர்த்தச் சொன்னேன். உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் போதும். அவன் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, முழங்காலை மடக்கி இறங்கி எடுத்துக் கொடுத்தான். அவசரம் இல்லை, தட்டில் சத்தம் இல்லை. இவ்வளவு அழகாக அசையத் தெரிந்தவனுக்குக் குனியவா தெரியாது? திமிராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறெதுவோ.

நித்தியா தேநீர் கொண்டுவந்தாள். எங்கள் எல்லாருக்கும் தட்டைத் தாழ்த்தினாள். அவனுக்கு மட்டும் நெஞ்சு உயரத்தில் நீட்டினாள். அதையும் பார்த்தேன்.

பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி, தட்டிக்கொடுப்பதுபோல் அவன் முதுகில் கை வைத்தேன். சட்டைக்கு அடியில் பலகை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"என்னப்பா இது?"

அவன் எழுந்து நின்றுதான் பதில் சொன்னான். "பெல்ட்டு, மாமா. லோரியில சரக்கு எறக்கும்போது விழுந்துட்டேன். முதுகெலும்புல அடி. இன்னும் ரெண்டு மாசம் போடணும்."

லீலாவதியிடம் திரும்பினேன். அடிபட்ட பிள்ளையைப் புதுச் சட்டைக்குள் மறைத்துக் கூட்டி வந்திருக்கிறீர்களே, நாளைக்கு எங்கள் பெண் யாரிடம் போய் நிற்பாள் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவள் முகம் கறுத்துப்போனது.

"நாங்க மறைக்கலண்ணே. வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தோம். ஒங்க பொண்ணுதான் வேணாம்னுச்சு."

"ஆமா, பெரியப்பா. நான்தான் சொன்னேன்," என்றாள் நித்தியா. "முன்னயே தெரிஞ்சா நீங்க வாசல்லயே அனுப்பிடுவீங்க லா. மொதல்ல ஆளப் பாக்கட்டும்னு நெனச்சேன்."

எவ்வளவு நாளாகத் தெரியும் என்றேன். விழுந்த அன்றைக்கே தெரியும், ஆஸ்பத்திரிக்கு அவனோடு போனதே அவள்தானாம். உள்ளே போய் எக்ஸ்ரே உறையையும் டாக்டர் எழுதிய கடிதத்தையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அவள் அலமாரியிலேயே இருந்திருக்கிறது. எலும்பு கூடிவிட்டது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னாள். படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கியது ஒன்றுதான். மறைத்தவர்கள் அவர்கள் இல்லை. என் வீட்டுப் பெண். இனி அவர்களிடம் கேட்க எனக்கு வாய் கிடையாது. நானும் எழுந்து நின்றேன்.

"தங்கச்சி, தப்பு எங்க வீட்டுல. இந்த வீட்டுல பொண்ணெடுக்க ஒங்களுக்கு இன்னும் சம்மதமா?"

மகன் வாய் திறந்தபோது லீலாவதி கையைக் காட்டி நிறுத்தினாள். நித்தியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணக் கண்டிச்சு வைங்கண்ணே," என்றாள் லீலாவதி. "கல்யாணத்த பெல்ட்டு கழட்டுன பெறகு வச்சுக்கலாம்."

சம்மதித்தேன். ஆனால் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் கிளினிக்குக்கு எடுத்துப் போய், அங்கிருந்த டாக்டரிடம் படித்துச் சொல்லும்படி கேட்டேன். நித்தியா சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

அதற்குப் பிறகும் இரண்டு நாள் அவளிடம் நான் பேசவில்லை.