பத்தொன்பது படங்கள்

விசாரணை பதினொரு மணிக்கு. மின்னல் ஒன்பதரைக்கே வந்து, அறைக்கு வெளியே கிடந்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். எனக்கு அதிலேயே எரிச்சல்.

"நான் என்ன ஜட்ஜா? உக்காரு" என்றேன்.

நான் ஸ்கேன் எடுப்பவர்கள் சங்கத்தின் உறுப்பினர் பாதுகாப்புச் செயலாளர். பதவிப் பெயர்தான் நீளம். வாரத்தில் நாலு நாள் நானும் இருட்டறையில் உட்கார்ந்து, கையில் ஜெல்லோடு, ஊரார் வயிற்றைப் பார்ப்பவள்தான். ஐந்தாவது நாள் சங்க வேலை. யாருக்காவது ஆஸ்பத்திரி நோட்டீஸ் கொடுத்தால் விசாரணையில் பக்கத்தில் உட்காருவது, நிர்வாகங்களுக்கு லெட்டர் எழுதுவது, பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவது. "சந்தா வாங்கிட்டு காலண்டர் குடுக்கிற சங்கம்தானே?" என்று மூஞ்சிக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. நோட்டீஸ் வந்த அன்று முதல் போன் எனக்குத்தான் போடுவார்கள்.

மின்னல் என்பது ஆஸ்பத்திரி வைத்த பேர். பத்து நிமிஷத்துக்கு ஒரு நோயாளி என்று அட்டவணை போட்டவர்கள், அதற்குள் முடிக்கிறவளுக்குச் செல்லமாக வைத்தார்கள். இப்போது அந்த வேகம்தான் குற்றச்சாட்டில் முதல் வரி.

ஆறு வாரத்துக்கு முன் ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வயிற்றுவலி என்று வந்தாள். மின்னல் ஸ்கேன் எடுத்தாள். படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதினார். பத்தே நாளில் அந்தப் பெண்ணுக்குப் பித்தப்பை சீழ்பிடித்து அவசர ஆபரேஷன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அப்புறம் தேடிப் பார்த்தால், அவள் ஃபைலில் பித்தப்பைப் படம் ஒன்றுகூட இல்லை. பார்க்காமலே ஓட்டிவிட்டாள் என்கிறது நிர்வாகம்.

"பார்த்தேன்க்கா. கல்லு இருந்துச்சு. அம்புக்குறி போட்டு, பக்கத்துல 'கல்'னு எழுதிப் படம் எடுத்தேன்."

அவள் இதைச் சொல்வது நாலாவது தடவை. உண்மையைச் சொல்கிறேன், நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள். பேச்சை மாற்ற, நிர்வாகம் கொடுத்த கட்டைப் பிரித்து, அந்தப் பெண்ணின் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதல் படம் வலது கிட்னி. என் கை அங்கேயே நின்றது.

"வயித்து ஸ்கேன்ல நீ எங்க ஆரம்பிப்பே?"

"கல்லீரல்தான். அப்புறம் பித்தப்பை, மல்லாக்கப் படுக்கவச்சு, இடது பக்கம் ஒருக்களிக்க வச்சு. அதுக்கப்புறம்தான் கிட்னி."

"எப்பவுமேவா?"

"பதினாலு வருஷமா."

எங்களில் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு வரிசை உண்டு. தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் கை அந்த வரிசையில்தான் போகும். நடுவில் தொடங்குகிறவர்கள் கிடையாது.

"நடுவுல மெஷின் நின்னுச்சா?"

"ஆமாக்கா. அது அடிக்கடி உறைஞ்சு போகும். அணைச்சுப் போட்டு, லிஸ்ட்ல அந்தப் பொண்ணு பேரைத் தொட்டு, விட்ட இடத்துல இருந்து எடுத்தேன். உங்களுக்குத்தான் எழுதியிருந்தேனே, அந்த மெஷினைப் பத்தி."

"ஆமா, ஆமா" என்றேன். அந்த லெட்டர் வந்தது. 'பெற்றுக்கொண்டோம், செயற்குழுவில் வைக்கப்படும்' என்று பதில் போட்டேன். வைக்கவில்லை. அதை நினைக்க இது நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அணைக்கிறதுக்கு முன்னாடி திரையில யார் பேர் இருந்துச்சு?"

அவள் விரல் மடியிலேயே ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தது. ஒரு நோயாளி முடிந்ததும் 'முடிந்தது' பொத்தானை அமுக்க வேண்டும். மறந்தால், அடுத்துப் படுக்கிறவரின் படமெல்லாம் முந்தினவர் பேரில் போய் விழும். இதைச் செய்யாத ஆள் எங்கள் தொழிலில் இல்லை. உடனே கண்டுபிடித்து, வேர்த்துக் கொட்டி, சரிசெய்துவிடுவோம். இவளுக்குக் கண்டுபிடிக்க வாய்ப்பே வரவில்லை, மெஷின் அதற்குள் படுத்துவிட்டது.

கட்டின் கடைசியில் அன்றைய மெஷின் பதிவேடு இருந்தது. பேர் கிடையாது, வரிசை எண், ஸ்கேன் வகை, படக் கணக்கு மட்டும். அந்தப் பெண்ணுக்கு முந்தின வரி: கிட்னி மட்டும், பத்தொன்பது படங்கள்.

"கிட்னிக்கு எத்தனை எடுப்பே?"

"பன்னெண்டு. மீதி ஏழு அந்தப் பொண்ணோடது!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா! அப்ப என் படம் இருக்கு!"

"மெதுவா பேசு." அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. "படம் எடுக்கலைன்னா ஒரு எச்சரிக்கை. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும். ஒருத்தர் படத்தை இன்னொருத்தர் பேர்ல போட்டேன்னு நீயே சொன்னா, உன் தொழில் பதிவையே ரத்து பண்ணலாம். அப்புறம் ஆயுசுக்கும் நீ ஸ்கேன் ரூம் பக்கம் போக முடியாது."

"எனக்கு வேற தொழில் தெரியாதேக்கா."

"அதான் சொல்றேன். வாயை மூடிட்டு உக்காரு. நான் பேசிக்கிறேன்."

பத்து ஐம்பது. அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரகசியம் மாதிரி சொன்னாள்.

"முன்னாடி வந்தவர் ஒரு பெரியவர்க்கா. காது கேக்காது. 'மூச்சை இழுங்க'ன்னு ரெண்டு தரம் கத்தினேன். இப்ப அவர் ஃபைல்ல, அம்புக்குறி போட்டு, கல்லுன்னு இருக்குமே."

எனக்கும் அது தோன்றியிருந்தது. அவளுக்குத் தோன்றக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சீ, என்ன பிழைப்பு இது என்று இருந்தது.

"தேதி தள்ளி வைக்கச் சொல்லுவோம். வக்கீலைக் கேட்டுட்டு ரெண்டு நாள்ல..."

"ரெண்டு நாளைக்குள்ள அவரை அறுத்துட்டா?"

கதவைத் திறந்து கூப்பிட்டார்கள்.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தலைமை மருத்துவர். ஓரத்தில் கம்ப்யூட்டரோடு ஒரு குமாஸ்தா. மருத்துவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குற்றச்சாட்டை வாசிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில் மின்னல் எழுந்தாள்.

"ஐயா, அதை அப்புறம் படிங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு முந்தின ஸ்கேன் யாருன்னு பார்க்கச் சொல்லுங்க. அவர் ஃபைல்ல இருக்கிற பித்தப்பைப் படம் அவரோடது இல்ல. அடிக்கடி உறையுற மெஷின், நடுவுல நின்னுடுச்சு. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். குமாஸ்தாவின் விரல்கள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா..." குமாஸ்தாவின் குரல் உடைந்தது. "பித்தப்பைக் கல்லுன்னு ரிப்போர்ட் இருக்கு. ஆபரேஷன் இன்னிக்குத்தான். பத்தரைக்கே தியேட்டருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

மருத்துவர் தியேட்டருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. "ஓடுய்யா!" என்று கத்தினார். குமாஸ்தா செருப்பை விட்டுவிட்டே ஓடினார். மின்னல் மேஜையைப் பிடித்தபடி நின்றாள், உதடு மட்டும் அசைந்தது. நான் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஏழு நிமிஷம் என் ஆயுளில் ஏழு வருஷம்.

போன் அடித்தது. மருத்துவர் கேட்டார், பொத்தென்று நாற்காலியில் சாய்ந்தார்.

"மயக்க மருந்து குடுத்தாச்சு. கத்தி வைக்கல."

மின்னல் அப்படியே உட்கார்ந்து அழுதாள். நானும்தான் அழுதேன், எனக்கென்ன கல் நெஞ்சா?

மருத்துவர் தண்ணீர் குடித்து முகத்தைத் துடைத்ததும் பழைய ஆளாகிவிட்டார். "சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா நீங்க ஒத்துக்கிட்டது சின்னத் தப்பு இல்ல. பதிவுக் குழுவுக்கு எழுதித்தான் ஆகணும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த ஆத்திரம். "எழுதுங்க ஐயா. கூடவே இதையும் வைங்க. ஒரு ஸ்கேனுக்கு இருபது நிமிஷம் வேணும்னு சங்கம் எழுதின மூணு லெட்டர். 'எங்கள் பணியாளர்கள் வேகமானவர்கள்'னு வந்த மூணு பதில். கையெழுத்து யாருதுன்னு நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். காது சிவந்தது. "நேரத்தைப் பத்தித்தானே எழுதினீங்க? மெஷின் உறையுதுன்னு எப்ப சொன்னீங்க? இவங்க தெரிஞ்சே பழுதான மெஷின்ல வேலை பார்த்திருக்காங்க. யார்கிட்டயாவது எழுத்துல சொன்னாங்களா?"

மின்னல் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு, "வாயால சொன்னேன் ஐயா" என்றாள்.

பதினோரு வருஷமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். சொன்னால் சங்கத்து மானம், என் மானம், எல்லாம் போகும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் இவள் எதைத் தூக்கி இந்த மேஜையில் வைத்தாள் என்று நினைத்தேன். போனில் அந்த லெட்டரைத் தேடி எடுத்து மருத்துவர் முன்னால் வைத்தேன்.

"எழுதினாங்க. சங்கத்துக்கு. தேதியைப் பாருங்க, இந்த ஸ்கேனுக்கு ஒரு மாசம் முன்னாடி. உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டியது நான். அனுப்பல."

அவர் இரண்டு தடவை படித்தார். "இதை நான் குறிப்புல ஏத்தட்டுமா?"

"ஏத்துங்க."

எங்களை வெளியே அனுப்பி, அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். பதிவுக் குழுவுக்கு எழுதப் போவதில்லை, பதிவு தப்பியது. மூன்று மாதம் இன்னொருவர் மேற்பார்வையில் வேலை. அந்த மெஷின் இன்றே நிறுத்தம். பத்து நிமிஷ அட்டவணையைப் பற்றி மூச்சு விடவில்லை.

வெளியே வந்ததும், லெட்டரை ஏன் அனுப்பவில்லை என்று அவள் கேட்கட்டும் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவள் காலையில் இருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

"உக்காருங்கக்கா. நாலாவது லெட்டர் எழுதுங்க. இன்னிக்கு நடந்ததையும் சேர்த்து."

"வீட்டுக்குப் போய் நிதானமா எழுதி..."

"இல்லக்கா, இப்பவே. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்."

எழுதினேன். அது போய்ச் சேர்ந்ததை என் போனில் தானே பார்த்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள்.