கரும்பலகையைப் பார்த்து நின்ற டீச்சர்

நாற்பதை நெருங்குவதற்குள் அவள் பார்க்காத வேலையில்லை. சினிமா தியேட்டரில் படம் ஓட்டினாள்; சின்ன ஓட்டை வழியே தெரிந்ததெல்லாம் பின்னந்தலைகள். ஆஸ்பத்திரி லிஃப்டில் பொத்தான் அழுத்தினாள். ஏறியவர்கள் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"உனக்கு எந்த வேலையும் ஒட்டாதுடி," என்று அக்கா போனில் சிரித்தாள்.

யாராவது தன் முகத்தைப் பார்த்துப் பேசும் வேலை வேண்டும் என்றுதான் இராப்பகலாகப் படித்து டீச்சரானாள்.

முதல் நாள் வகுப்பில் கரும்பலகை முன் நின்று, பெருக்கலை அழகாக விளக்கினாள். பின்னால் கிசுகிசுப்பு, பிறகு சிரிப்பு. இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

"டீச்சர், நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்," என்றது ஒரு குரல்.

"பாடம் போர்டுக்குடா, நமக்கு லீவு!" என்றது இன்னொன்று.

லிஃப்டில் நிற்பதுபோலவே இத்தனை நேரமும் முதுகைக் காட்டி நின்றது அப்போதுதான் உறைத்தது. திரும்பினாள். அறை நிறைய முகங்கள், எல்லாம் அவளையே பார்த்தன.

"மன்னிச்சுக்கங்க, பழக்கதோஷம்," என்றாள்.

சாக்பீஸை வைத்துவிட்டு, கதவோர பெஞ்சிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அன்றைக்குப் பாடம் அதற்குமேல் நகரவில்லை.